துடுப்பு போடுகிறவன் தலைக்கு மேலே...

1770-ம் ஆண்டு, அக்டோபர் மாதம். இன்றைக்கு நாம் ஜகார்த்தா என்று சொல்லும் ஊருக்கு அப்போது படேவியா என்று பெயர். டச்சுக்காரர்களின் செழிப்பான துறைமுகம். பவளப்பாறையில் மோதி அடிவயிறு கிழிந்துபோன தன் கப்பலைப் பழுது பார்ப்பதற்காக அங்கே வந்து நங்கூரம் போட்டிருந்தார் இங்கிலாந்தின் கேப்டன் ஜேம்ஸ் குக். கப்பலின் பெயர் ‘எண்டவர்’.

ராத்திரி ஒன்பது மணி வாக்கில் இடி மழை பிடித்துக்கொண்டது. சற்றுத் தள்ளி நின்றிருந்த ஒரு டச்சுக் கப்பல் மீது மின்னல் இறங்க, அதன் பெரிய பாய்மரம் பிளந்து சிதறியது. எண்டவரையும் மின்னல் விடவில்லை. பூகம்பம் வந்த மாதிரி கப்பலே குலுங்கியது. காவலுக்கு நின்றவன் அப்போதுதான் துப்பாக்கியில் மருந்து கெட்டித்துக்கொண்டிருந்தான். அது அவன் கையை விட்டுத் தெறித்து ஓடியது. பாய்மர உச்சியிலிருந்து கடல் வரை நெருப்புக் கோடு ஒன்று இழுத்த மாதிரி ஒரு வெளிச்சம்... அவ்வளவுதான். பாய்மரத்துக்கு ஒரு கீறல் இல்லை. ஆளுக்கும் சேதமில்லை!

அந்த நெருப்புக் கோடு வேறு ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் மாலுமிகள் ஒரு சங்கிலியைப் பாய்மர உச்சியிலிருந்து கடலுக்குள் தொங்கவிட்டிருந்தார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பட்டம் விட்டு மின்னலின் குட்டை உடைத்து அப்போது 18 வருஷம்தான் ஆகியிருந்தது. மின்னல் என்பது மின்சாரம், அதற்கு ஒரு உலோகப் பாதை போட்டுக் கொடுத்தால் சமர்த்தாக இறங்கிப் போய்விடும் என்கிற அந்தப் புதுப் பாடத்தைக் குக்கின் கப்பல் நேரடியாகச் சோதித்துப் பார்த்துவிட்டது. டச்சுக்காரர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

இவ்வளவு அருமையான சங்கிலியை எல்லாக் கப்பலிலும் மாட்டியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? எங்கே! பல கப்பல்களில் சங்கிலி இருந்தது... பெட்டிக்குள்! புயல் வரும்போது எடுத்து மாட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. புயல் நேரத்தில் பாயைச் சுருட்டுவதற்கே கை போதாது. இதில் யார் போய்ப் பெட்டியைத் திறப்பது? அதிலும் இடி இடிக்கும்போது பாய்மர உச்சிக்கு ஏறிச் சங்கிலி கட்டச் சொன்னால் எவன் ஏறுவான்?

1798-ல் சுமத்ரா தீவுக்குப் பக்கத்தில், பங்கா ஜலசந்தியில் ‘ரெசிஸ்டன்ஸ்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் ராத்திரியில் வெடித்துச் சிதறியது. 300-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். தப்பியவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். மின்னல் வெடிமருந்துக் கிடங்கில் இறங்கியிருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான கருத்து. நெப்போலியனோடு நடந்த சண்டைகளின் சத்தத்தில் இதெல்லாம் பெரிதாக யார் காதிலும் விழவில்லை.

விழுந்த காதுகளில் ஒன்று, வில்லியம் ஸ்நோ ஹாரிஸ் என்ற டாக்டருடையது. பிளிமத் துறைமுகத்தில் 1791-ல் பிறந்தவர். (இந்த ஊரின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வரப்போகிறது.) எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு வந்து ஊரில் நாடி பிடித்துக்கொண்டிருந்தவர், மின்சாரப் பைத்தியம் முற்றிப்போய் வைத்தியத்தையே விட்டுவிட்டார். 1820-ல் அவர் சொன்ன யோசனை ரொம்ப எளிமையானது. சங்கிலியைத் தொங்கவிடும் வேலையே வேண்டாம். பாய்மரத்திலேயே தாமிரப் பட்டையை நிரந்தரமாகப் பதித்து, அப்படியே கப்பலின் அடிமரம் வரை கொண்டுபோய், தண்ணீரோடு இணைத்துவிடலாம். மாலுமி தூங்கினாலும் பட்டை தூங்காது!

கடற்படை என்ன செய்தது? யோசித்தது. அடுத்த வருஷமும் யோசித்தது. ‘உலோகத்தை உச்சியில் வைத்தால் போகிற மின்னலைக் கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி ஆகிவிடுமே’ என்று சில அறிவாளிகள் கிளப்பிய சந்தேகம் வேறு. நடுக்கடலில் அத்தனை உயரத்துக்கு ஒரு மரத்தை நட்டு வைத்திருக்கிறீர்கள், மின்னலைக் கூப்பிட அது போதாதா என்று திருப்பிக் கேட்க வேண்டியதுதானே! ஹாரிஸ் அதைவிடப் பொறுமைசாலி. எந்தக் கப்பலில், எந்தத் தேதியில், எந்த மரத்தில் மின்னல் விழுந்தது, எத்தனை பேர் செத்தார்கள் என்று பழைய கப்பல் குறிப்பேடுகளைத் தோண்டித் தோண்டிப் பட்டியல் போட ஆரம்பித்தார். ஊரில் அவருக்கு ‘இடி மின்னல் ஹாரிஸ்’ என்றே பெயர் வந்துவிட்டது.

கடைசியில் சோதனைக்காகச் சில கப்பல்களில் மட்டும் பட்டை பதிக்கச் சம்மதித்தார்கள். அவற்றில் ஒன்று 1831 டிசம்பரில் பிளிமத்திலிருந்து கிளம்பி உலகத்தைச் சுற்றிவரப் போனது. கப்பல் பெயர் ‘பீகிள்’. அதில் சார்லஸ் டார்வின் என்று ஒரு இளைஞர் இருந்தார்! தென் அமெரிக்காவில் மாண்டிவிடியோ பக்கத்தில் நின்றிருந்தபோது பீகிள் மீது மின்னல் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. பட்டை இல்லாத கப்பலில் டார்வினை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவ்வப்போது யோசிப்பதுண்டு. உயிரியல் புத்தகங்கள் கொஞ்சம் மெலிந்திருக்குமோ?

பீகிள் பத்திரமாகத் திரும்பி வந்த பிறகும் கடற்படை முழுசாக இறங்கிவர 1840-கள் ஆகிவிட்டது. அதற்குள் ரஷ்யக் கடற்படை முந்திக்கொண்டது. 1845-ல் ரஷ்யச் சக்கரவர்த்தி ஹாரிஸுக்கு ஒரு மோதிரமும் அழகான ஜாடியும் பரிசாக அனுப்பினார். சொந்த ஊர்க்காரர்களுக்கு அப்புறம்தான் ரோஷம் வந்தது போலிருக்கிறது. 1847-ல் ‘சர்’ பட்டம் கொடுத்தார்கள். பட்டத்தோடு 5,000 பவுண்டும். பெரிய கப்பல்களைப் பொறுத்தவரை மின்னல் கதை கிட்டத்தட்ட அதோடு முடிந்தது. அப்புறம் இரும்புக் கப்பலே வந்துவிட்டது. கப்பல் முழுக்கவே இடிதாங்கி!

ஆனால், ஹாரிஸ் கண்ணை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு சமாச்சாரம் ஆரம்பித்திருந்தது. அதற்கு அவருடைய தாமிரப் பட்டை எந்த விதத்திலும் உதவாது.

1865-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் மெக்ரெகர் என்ற வக்கீல், 15 அடி நீளத்தில் ஒரு சின்னப் படகு கட்டிக்கொண்டார். பெயர் ‘ராப் ராய்’. ஒற்றை ஆள் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் அலகு வைத்த துடுப்பால் வலித்துப் போகலாம். ஐரோப்பாவின் ஆறுகளையும் ஏரிகளையும் அதில் சுற்றிவிட்டு வந்து, அடுத்த வருஷமே புத்தகமாகவும் எழுதிவிட்டார். புத்தகம் சக்கைப்போடு போட்டது. 1866-லேயே துடுப்புக்காரர்களுக்கென்று லண்டனில் கிளப் வந்தது. இளவரசரே அதற்குத் தலைமைப் பொறுப்பு ஏற்றார். (மெக்ரெகருக்கும் தண்ணீருக்கும் பூர்வ ஜென்ம பந்தம் உண்டு. ஐந்து வாரக் குழந்தையாக இருந்தபோது, இந்தியாவுக்குக் கிளம்பிய ‘கென்ட்’ என்ற கப்பல் நடுக்கடலில் தீப்பிடிக்க, அதிலிருந்து காப்பாற்றப்பட்டவர் அவர்!)

இதில் என்ன பெரிய விஷயம், ஒரு பொழுதுபோக்கு பிறந்தது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். விஷயம் இருக்கிறது. ராப் ராய்க்கு முன்மாதிரி, ஆர்க்டிக் பகுதி இன்யூட் மக்களின் கயாக். கனடாவின் ஏரிகளில் ஓடிய ‘கேனோ’ படகு அங்குள்ள பூர்வகுடிகளுடையது. அதை ஓட்டியவன் அந்தத் தண்ணீரிலேயே பிறந்தவன். எந்த மேகம் கறுத்தால் எத்தனை நேரத்தில் காற்று வரும், எந்த வளைவில் சுழல் இருக்கும் என்பது அவனுக்குப் பாட்டன் சொத்து. மெக்ரெகருக்குப் பிறகு துடுப்பு கைமாறியது. லீவுக்கு வந்தவன் கையில் போனது. படகு கிடைத்துவிட்டது. கூடவே வந்திருக்க வேண்டிய அந்தத் தண்ணீர் பற்றிய அறிவு வரவில்லை. அடுத்த நூறு வருஷத்தின் சோகங்களில் பாதிக்குக் காரணம் இதுதான் என்பேன்.

முதலில் மின்னலையே எடுத்துக்கொள்வோம். கயாக்கில் பாய்மரம் கிடையாது. அப்படியானால் அந்தப் பரந்த ஏரியில் உயரமான பொருள் எது? உட்கார்ந்திருக்கிற ஆள்தான்! கையில் தூக்கிப் பிடித்திருக்கும் துடுப்பு இன்னும் கொஞ்சம் உயரம். அதுவும் கார்பன் இழைத் துடுப்பு என்றால் மின்சாரம் பாயத் தோதானது. மின்னல் நேராகத் தலையில்தான் விழ வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்துத் தண்ணீரில் விழுந்தாலும் மின்சாரம் நீர்ப்பரப்பில் பரவும். ரப்பர் செருப்பு, பிளாஸ்டிக் படகு எல்லாம் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் உண்டு. மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைப் பிளந்துகொண்டு வருகிற சமாச்சாரத்துக்கு அரை இன்ச் பிளாஸ்டிக் எம்மாத்திரம்?

ஆக, தண்ணீரில் இருப்பவனுக்கு உள்ள ஒரே பாதுகாப்பு, நேரம். நான் படித்தது பி.காம். என்பதால் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். சத்தம் மூன்று விநாடிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் போகும். மின்னல் வெட்டி 30 விநாடி கழித்து இடி கேட்டால், புயல் 10 கிலோமீட்டரில் இருக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அது வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 15 நிமிடத்தில் தலைக்கு மேல்! அந்த 15 நிமிடத்தில், மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் துடுப்பு போடும் சாதாரண ஆள் எவ்வளவு போவான்? ஒன்றேகால் கிலோமீட்டர். கரை அதைவிடத் தள்ளியிருந்தால் கணக்கு நஷ்டத்தில்தான் முடியும். போதாக்குறைக்கு, மின்னல் தன் மேகத்தை விட்டுப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வெளியே வந்து, வெயில் அடிக்கிற இடத்தில்கூட விழும். எனவே 15 நிமிடம் என்பதே தாராளமான கணக்கு.

இந்த வரவு செலவில் இன்னொரு தலைவலி என்னவென்றால், ஒவ்வொரு தண்ணீரும் உங்கள் நேரத்தை ஒவ்வொரு விதமாகப் பிடுங்கிக்கொள்ளும். ஓர் ஊர்த் தண்ணீரில் கற்றது இன்னோர் ஊரில் செல்லாது.

கடலில் காற்று பிடுங்கும். 1993 மார்ச் 22. ஹாரிஸின் அதே பிளிமத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடத்தின் மாணவர்கள் எட்டுப் பேரும் ஆசிரியர் ஒருவரும் லைம் ரீஜிஸ் என்ற கடற்கரை ஊருக்கு வந்திருந்தார்கள். அங்கே ஒரு சாகச விளையாட்டு மையம். காலையில் கயாக்கில் கிளம்பிக் கரையோரமாகவே சுமார் மூன்று கிலோமீட்டரில் இருக்கும் சார்மத்துக்குப் போய்விட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பது திட்டம். கூட வந்த பயிற்சியாளர்கள் இரண்டு பேர். இருவரும் இளசுகள். அடிப்படைப் பயிற்சிக்கு மேல் அவர்களிடமே எதுவும் இல்லை.

அன்றைக்குக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. இந்தக் காற்றின் கெட்ட குணம் ஒன்று உண்டு. கரையோரம் நிலத்தின் மறைவு இருப்பதால் தண்ணீர் அங்கே சாதுவாகத் தெரியும். மணலில் நின்று பார்ப்பவனுக்கு ‘அடடா, இன்றைக்குக் கடல் என்ன அமைதி!’ என்று தோன்றும். கொஞ்சம் உள்ளே போனால்தான் அது முதுகில் கை வைத்துத் தள்ள ஆரம்பிக்கும். வீட்டுக்குத் திரும்பும் திசையில் இல்லை, எதிர்த் திசையில்!

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஆசிரியரின் கயாக் கவிழ்ந்தது. நிமிர்த்தினார்கள். மறுபடி கவிழ்ந்தது. ஒரு பயிற்சியாளர் அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இன்னொருவர் எட்டுப் பிள்ளைகளையும் ஒருவர் படகை ஒருவர் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தெப்பம் மாதிரி சேர்த்து நிறுத்தினார். தெப்பம் அப்படியே காற்றில் மிதந்து ஆழ்கடலுக்குப் போக ஆரம்பித்தது. கயாக்கில் உட்காரும் ஓட்டையை இடுப்போடு சேர்த்து மூடுவதற்கு ரப்பர் பாவாடை மாதிரி ஒன்று உண்டு. அலைத் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். அது தரப்படவில்லை. அவசரத்துக்கு வானத்தில் கொளுத்திவிடும் வெளிச்ச வாணம் இல்லை. ரேடியோவும் இல்லை. ஒவ்வொரு கயாக்காக நிரம்பி மூழ்கியது.

மத்தியானம் 12 மணிக்கு வர வேண்டியவர்கள் வரவில்லை. கடலோரக் காவல் படைக்கு மையம் தகவல் சொன்னது மாலை மூன்றரை மணி வாக்கில்தான். மார்ச் மாதத்து ஆங்கிலக் கடலில் மூன்றரை மணி நேரம் எவ்வளவு நீளம் என்பது அதில் கிடந்தவர்களுக்குத்தான் தெரியும். ஹெலிகாப்டர்கள் வந்து அவர்களைத் தூக்கியபோது நான்கு பிள்ளைகளுக்கு நேரம் முடிந்துவிட்டிருந்தது. இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். வயது 16, 17.

விசாரணையில் வெளியே வந்த விஷயம் இன்னும் கொடுமை. முந்தைய வருஷமே அந்த மையத்தில் வேலை பார்த்த இரண்டு பயிற்சியாளர்கள், பாதுகாப்பு சரியில்லை என்று சொல்லி ராஜினாமா செய்திருக்கிறார்கள். இப்படியே போனால் ஒருநாள் யாரோ ஒரு பெற்றோருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும் என்கிற ரீதியில் கடிதமும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடிதம் ஃபைலில் பத்திரமாக இருந்தது!

கல்லூரியில் எங்களுக்குக் கம்பெனிச் சட்டம் எடுத்த பேராசிரியர், ‘கம்பெனி என்பது சட்டம் உருவாக்கிய ஒரு செயற்கை நபர். அதற்கு உடம்பும் கிடையாது, ஆன்மாவும் கிடையாது’ என்று சொல்லி மனப்பாடம் செய்ய வைப்பார். அந்தச் செயற்கை நபர் கொலை செய்ய முடியுமா? 1994-ல் இங்கிலாந்து நீதிமன்றம் ‘முடியும்’ என்றது. மரணம் விளைவித்த குற்றத்துக்காக அந்த நாட்டில் தண்டனை பெற்ற முதல் கம்பெனி அதுதான். அபராதம் 60,000 பவுண்டு. நிர்வாக இயக்குநருக்கு மூன்று வருஷம் சிறை (அப்பீலில் இரண்டாகக் குறைந்தது). அடுத்த ஆண்டே, பிளிமத் டெவன்போர்ட் தொகுதியின் எம்.பி. டேவிட் ஜேமிசன் கொண்டுவந்த மசோதா சட்டமானது. பிள்ளைகளுக்குச் சாகச விளையாட்டு நடத்துகிறவர் லைசென்ஸ் வாங்கியாக வேண்டும் என்றது அது. 1820-ல் ஹாரிஸ் கடற்படையோடு ஆரம்பித்த அதே போராட்டத்தின் அடுத்த பாகத்தை அதே ஊர் மறுபடி நடத்த வேண்டியிருந்தது. பாதுகாப்புச் சாமான் இருந்தால் போதாது, அது பெட்டியில் இருக்கிறதா உடம்பில் இருக்கிறதா என்பதுதானே கேள்வி?

ஏரியில் குளிர் பிடுங்கும். கனடாவில் ஒன்டாரியோவுக்கும் கியூபெக்குக்கும் நடுவில் டெமிஸ்கமிங் என்று நீண்ட ஏரி ஒன்று இருக்கிறது. 1978 ஜூன் 11-ம் தேதி, ஒன்டாரியோவின் ஒரு பள்ளியைச் சேர்ந்த 27 மாணவர்களும் நான்கு ஆசிரியர்களும் நான்கு பெரிய கேனோக்களில் வடக்கே நெடும்பயணம் கிளம்பினார்கள். எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். காற்று கிளம்பி அலை எழுந்ததும் ஒரு படகு கவிழ்ந்தது. காப்பாற்றத் திரும்பிய மற்ற படகுகளும் கடைசியில் கவிழ்ந்தன. 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் அவர்களை மிதக்க வைத்தது. உடம்புச் சூட்டை அதனால் பிடித்து வைக்க முடியவில்லை. வெளியே ஜூன் மாதம், தண்ணீருக்குள் இன்னும் பனிக்காலம்! நம்மைப் போல வெந்நீராகக் கொதிக்கும் மே மாதத்துக் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்கு இது மண்டையில் ஏறுவது கஷ்டம்தான்.

ஆற்றில், நீங்கள் பார்க்கவே பார்க்காத மழை பிடுங்கும். தலைக்கு மேல் வானம் சுமாராக இருக்கும். மலையில் எங்கேயோ மின்னல் வெட்டிக்கொண்டிருக்கும். அங்கே பெய்த மழை, நீங்கள் நிற்கும் பள்ளத்தாக்குக்குச் சுவராக வந்து சேரும். 1999 ஜூலை 27-ல் சுவிட்சர்லாந்தின் சாக்ஸெட்பாக் ஓடையில் நடந்தது இதுதான். அங்கே இருந்தவர்கள் படகில் இல்லை. ஓடையிலேயே இறங்கி, குதித்து, சறுக்கி விளையாட வந்தவர்கள். மேலே பெய்த இடி மழையின் வெள்ளம் ஒரே மூச்சில் 21 பேரை வாரிக்கொண்டு போனது. வழிகாட்டிகளும் அதில் அடக்கம்.

சரி, தெரியாமல் போனவர்கள் கதை இது. தெரிந்தே போகிறவர்கள்?

வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கு வாருங்கள். 1499-ல் ஸ்பெயின் கப்பலில் வந்த ஐரோப்பியர்கள், அங்கே தண்ணீருக்குள் கால் நட்டுக் கட்டிய வீடுகளைப் பார்த்து வெனிஸ் நகரத்தை நினைத்துக்கொண்டதால்தான் நாட்டுக்கே ‘குட்டி வெனிஸ்’ என்ற அர்த்தத்தில் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். உலகத்திலேயே மிக அதிகமாக மின்னல் விழும் இடம் இதுதான். செயற்கைக்கோள் 16 வருஷம் எண்ணிய கணக்கை 2016-ல் வெளியிட்டார்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்குச் சராசரி 233 மின்னல். வருஷத்தில் 297 ராத்திரி இடி மழை! அந்த மாநிலத்துக் கொடியிலேயே மின்னல் படம் உண்டு.

‘மத்தியானத்துக்கு மேல்தான் இடி இடிக்கும், காலையில் போய்விட்டு வந்துவிடலாம்’ என்பது பல நாட்டுத் துடுப்புக்காரர்களின் வேதம். நிலத்தில் அது பெரும்பாலும் சரியும்கூட. மரக்காய்போவில் எல்லாம் தலைகீழ். பகலெல்லாம் சூடேறிய ஏரி, மூன்று பக்கமும் மலை. ராத்திரி கரீபியன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அந்தப் பைக்குள் மாட்டிக்கொண்டு மேலே எழும்ப, விடிய விடிய வாணவேடிக்கை. மீனவர்கள் வலையோடு இறங்குவதும் ராத்திரியில்தான்.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலும் இதே ராத்திரிக் கணக்குதான். அங்கே மரப் படகில் மீன் பிடிக்கப் போய்ப் புயலிலும் அலையிலும் மின்னலிலும் சாகிறவர்கள் ஆண்டுக்கு 3,000-லிருந்து 5,000 வரை இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. 2016-ல் ஆராய்ச்சியாளர்கள் சுவாரஸ்யமான ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சாயங்காலம் ஏரியைச் சுற்றியுள்ள நிலத்தில் புயல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று பார்த்தால், அன்றைய ராத்திரி ஏரியில் என்ன நடக்கும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாமாம். படகை அவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு மீனவனுக்குக் கிடைக்கும் சில மணி நேரம் அது. அடுத்த சில வருஷங்களில் அந்த ஏரிக்கென்றே வானிலை எச்சரிக்கைத் திட்டமும் ஆரம்பித்தார்கள். எச்சரிக்கை வந்தாலும் அடுப்பு எரிய வேண்டுமே என்று போகிறவனை லீவுக்கு வந்தவனோடு சேர்த்துத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

அமெரிக்காவில் 1940-களில் ஆண்டுக்கு 300 பேருக்கு மேல் மின்னலுக்குப் பலியாகிக்கொண்டிருந்தார்கள். நிறையப் பேர் வயலில் நின்றவர்கள். (நம் நாட்டில் இன்றும் அதே கதைதான். ஆண்டுக்கு 2,000-க்கும் மேல்.) சமீப வருஷங்களில் அங்கே அது 20, 30 என்று இறங்கிவிட்டது. யார் அந்த மிச்சம் பேர் என்று 2006-லிருந்து கணக்கெடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு, பொழுதுபோக்குக்காக வெளியே போனவர்கள். அதில் முதலிடம் மீன் பிடிக்கப் போனவர்களுக்கு. படகில் போனவர்களும் கடற்கரைக்குப் போனவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. கோல்ஃப் ஆடுகிறவர்கள்தான் மின்னலில் சாவார்கள் என்பது சினிமா கட்டிவிட்ட கதை.

ஒரு காலத்தில், மாட்டிக்கொண்டால் குந்தி உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொள்ளுங்கள் என்று அமெரிக்க வானிலைத் துறை அறிவுரை சொல்லிவந்தது. 2008-ல் அதைக் கைவிட்டுவிட்டார்கள். அப்படி உட்கார்ந்தால் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கையே ஆளை வெளியில் நிறுத்தி வைக்கிறது என்பதுதான் காரணம். 30 விநாடி எண்ணும் பழக்கத்தையும் இப்போது அவ்வளவாக வலியுறுத்துவதில்லை. இடி காதில் விழுந்தாலே கரைக்கு வா, வந்து நல்ல கட்டடத்துக்குள்ளோ கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போ. அவ்வளவுதான். கரையில் தனியாக நிற்கும் மரத்தடியும் கூடாரமும் கணக்கில் சேராது.

திரும்பி இறங்குவதற்கும் ஒரு கணக்கு உண்டு. கடைசி இடி கேட்டதிலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். இருபத்தெட்டாவது நிமிடத்தில் எங்கோ தூரத்தில் லேசாக ஓர் உறுமல் கேட்டாலும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து. மேகம் கலைந்திருக்கும். வெயில்கூட வந்திருக்கும். கயாக்குகள் மணலில் கவிழ்ந்து கிடக்கும். மணிக்கணக்கில் வாடகை கொடுத்தவர் ஒருவர் வாட்சைப் பார்த்துக்கொண்டு, ‘இன்னும் என்னங்க, அதான் நின்னுடுச்சே?’ என்பார். படகுக்காரர் காது கேட்காத மாதிரி கயிற்றை இன்னொரு சுற்று சுற்றிக் கட்டுவார்.